சோசாம்மா டீச்சரின் 'குழப்பமில்ல'

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குச் சோசாம்மா சேட்டத்தி மேல் பொறாமை எதுவும் கிடையாது. பொறாமைப்படுவதற்கும் ஒரு தகுதி வேண்டுமே! நான் இடுக்கி மலையில் மரவள்ளிக்கிழங்கு போட்டுப் பிழைத்தவரின் மகள் ராகேல். அவரோ என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. பழைய குடும்பம். முப்பத்துமூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை நடுங்கவைத்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவர். எனக்கு அவரிடமிருந்து நகை வேண்டாம், நிலம் வேண்டாம். ஒரே ஒரு வார்த்தை வேண்டியிருந்தது.

கொள்ளாம்.

கேரளத்தில், நான் வாழ்க்கைப்பட்ட இந்த ராந்நிப் பக்கம், ஒரு காரியம் நன்றாக இருந்தால் 'கொள்ளாம்' என்பார்கள். 'குழப்பமில்ல' என்று இன்னொன்று உண்டு. ஏதோ இருக்கிறது, தூக்கி வெளியே போடுமளவுக்கு மோசமில்லை என்று அதற்கு அர்த்தம். கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில் நான் போட்ட முதல் சாயாவைச் சேட்டத்தி ஒரு வாய் குடித்தார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "குழப்பமில்ல" என்றார். அன்றைக்குப் பிடித்தது எனக்கு இந்த வியாதி.

அதற்குப் பிறகு முப்பத்தொரு வருஷம். மீன் கறிக்குக் குழப்பமில்ல. புதுப் புடவைக்குக் குழப்பமில்ல. என் மகன் பிறந்தபோது தொட்டிலுக்குள் எட்டி, பரீட்சைப் பேப்பரைத் திருப்புகிற மாதிரி பிள்ளையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "குழப்பமில்ல" என்றார். ஒரு பகல் முழுக்க அலறிப் பெற்ற பிள்ளை! என் அப்பன் இறந்தபோது மலையேறி வந்தார், அது அவருடைய நல்ல குணம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். அடக்கம் முடிந்ததும் என் தோளைத் தொட்டு, "கூட்டம் குழப்பமில்ல" என்றார். நான் அழுகையை நிறுத்திவிட்டு, யார் யார் வரவில்லை என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். சொந்த அப்பன் அடக்கத்தில்!

அவர் வாயில் அந்த வார்த்தை வராதென்றால் மனசு ஆறிப்போயிருக்கும். வந்துகொண்டுதானே இருந்தது! பசுவுக்கு ஊசி போட வந்த மாட்டு டாக்டருக்கு வந்தது. மதில் கட்டின கொத்தனுக்கு வந்தது. போன கிறிஸ்துமஸுக்கு ஓமன கொண்டுவந்த அச்சு முறுக்குக்கு, அதுவும் என் கண்முன்னே, "கொள்ளாம் ஓமனே, கொள்ளாம்" என்று இரண்டு தடவை வந்தது. ஓமன எங்கள் சபை மாதர் சங்கத்தின் செயலாளர். அதற்கப்புறம் மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏடி, அச்சு முறுக்குக்குத் துக்கம் கொண்டாடற ஒரே கிறிஸ்தியானி இந்தத் தாலுகாவுல நீதான்" என்றார் என் வீட்டுக்காரர் புன்னூஸ். அவர் ரப்பர் மரம் மாதிரி மனுஷர். கீறினாலும் சத்தம் போடமாட்டார்.

"உங்களுக்கென்ன அச்சாயா, நீங்க இந்தக் குடும்பத்துலேயே பிறந்தவர். உங்களுக்கு யாரும் மார்க் போட மாட்டாங்க."

"உனக்கு மட்டும் யாரு போடச் சொன்னா? நீயே பேப்பரைக் கொண்டுபோய் நீட்டற, அவங்க போடறாங்க."

இந்த மாதிரிப் பேச்சு வந்தால் பாத்திரத்தை உருட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு மதில், அதையொட்டி ஒரு பலாமரம். சாயங்காலம் ஆறரைக்குச் சேட்டத்தி வீட்டில் ஜெபம். எங்கள் வீட்டில் ஆறே முக்காலுக்கு. அதென்ன கால்மணி நேரத் தாமதம் என்றால், அவர்கள் ஜெபத்தை முடித்துவிட்டு வராந்தாவில் வந்து உட்காருகிற நேரம் அது. அடுக்களை ஜன்னலின் கொக்கியை நானே எடுத்துத் திறந்துவைப்பேன். பிறகு பாட்டு, பிறகு ஜெபம். ஊரில் எத்தனை வியாதிக்காரர்கள், எத்தனை விதவைகள், எந்தெந்த நாட்டில் யுத்தம், ஒன்றையும் விடமாட்டேன். சேட்டத்தியின் முட்டுவலிக்கு மட்டும் தனியாக, பெயர் சொல்லி, கொஞ்சம் சத்தம் கூட்டி.

"கர்த்தருக்குக் காது மந்தமா?" என்று ஒருநாள் கேட்டார் இவர்.

"பக்தி இருந்தா குரல் தானா வரும்."

"வரட்டும், வேண்டாங்கல. மதில் பக்கம் திரும்பிக்கிட்டுத்தான் வருமா?"

மறுநாள் காலையில் சேட்டத்தி மதிலோரம் வந்து நின்றார். "ராகேலே, நேத்து உங்க ஜெபம் கேட்டுது."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மதிலை ஒட்டி நின்றேன். "அப்படியா சேட்டத்தி?"

"குழப்பமில்ல. 'பரிசுத்த'ன்னு சொல்றப்ப மட்டும் ரகரம் தேய்ஞ்சுது."

கர்த்தாவே! அந்த முட்டுவலிக்குத்தானா நான் தொண்டை கிழிய ஜெபித்தேன் என்று இருந்தது. சர்ச்சிலும் அவர் இப்படித்தான். எல்லோரும் எழுந்து பாடுவோம், அவர் வாயைத் திறக்கமாட்டார். பாட்டுப் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு யார் எந்த வார்த்தையை எப்படிக் கொலை பண்ணுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு நிற்பார். கைப்பையில் சிவப்புப் பேனா எப்போதும் உண்டு. பேப்பரில் வரும் மரண அறிவிப்புகளைக்கூடத் திருத்திவிட்டுத்தான் மடித்துவைப்பார்.

அப்படியிருக்கும்போதுதான் மாதர் சங்கத்து வசன ஒப்புவிப்புப் போட்டி வந்தது. புதிதாக வந்த பாதிரியார், லிஜோ அச்சன், மீசை இன்னும் சரியாக முளைக்காதவர், ஆராதனை முடிந்ததும் அறிவித்தார். மத்தேயு ஆறாம் அதிகாரம், முதல் பதினெட்டு வசனம். பார்க்காமல் சொல்லவேண்டும். நடுவர் இரண்டு பேர், அச்சனும் சோசாம்மா டீச்சரும். முதல் பரிசு ஒரு ஹாட்பாக்ஸ்.

எனக்கு எதற்கு ஹாட்பாக்ஸ்? வீட்டில் நாலு இருக்கிறது. எனக்கு வேண்டியது, சேட்டத்தி மைக்குக்கு முன்னால் நின்று என் பெயரைச் சொல்லி 'கொள்ளாம்' என்பது. அதை ஓமன கேட்பது. வாயால் சொல்லாமல் எப்படி இருக்கமுடியும்? நடுவர் ஆயிற்றே! அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டேன்.

நாற்பது நாள் படித்தேன். சேட்டத்தியின் காதில் முன்கூட்டியே விழுந்துவிடக்கூடாதே என்று, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிற ஒரே அறையான சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். தேங்காய்க் குவியலும் குடம்புளி போட்டுவைத்த பரணி ஜாடியும் நானும்தான். ஒவ்வொரு ரகரத்தையும் உருட்டி உருட்டித் தேய்வில்லாமல் பண்ணினேன். முடித்துவிட்டு வெளியே வந்து வேதப் புத்தகத்தை இவர் கையில் கொடுத்து ஒப்பிப்பேன். மூன்றாம் வசனத்தில் இவருக்குக் கண் சொருகும்.

ஒருநாள் மட்டும் தூங்காமல் கடைசிவரைக்கும் கேட்டார். கேட்டுவிட்டு மோவாயைச் சொறிந்தார்.

"ஏடி, இதுல என்ன சொல்லியிருக்குன்னு பார்த்தியா?"

"பார்க்கறதுக்கு நேரமேது? மனப்பாடம் பண்ணவே நேரம் பத்தல."

"சரி சரி" என்று புத்தகத்தை மூடினார். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு. எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குக் கறியில் உப்பு போடவில்லை.

போட்டி நாளன்று காலை ஆராதனை முடிந்து எல்லோரும் ஹாலுக்கு வந்தார்கள். நூறு பேருக்கு மேல் இருக்கும். பின்பக்கம் நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பழம்பொரி பொரிக்கிற வாசனை. ஆண்கள் வசனத்துக்காக வந்தார்களா வாசனைக்காக வந்தார்களா என்பதைக் கர்த்தர்தான் அறிவார். சேட்டத்தி மேடைக்கு நேர் எதிரே மேசை போட்டு உட்கார்ந்து, விதிகளை வாசித்தார்.

"முகம் சபையைப் பார்த்து இருக்கணும். கண்ணை மூடக்கூடாது. தலைத்துணி முகத்தை மறைக்கக்கூடாது. யாரும் கூடச் சேர்ந்து சொல்லக்கூடாது. தடுமாறினா அச்சன் ஒரே ஒரு வார்த்தை எடுத்துக் குடுப்பார். ஒண்ணுதான்."

எட்டுப் பேரில் எனக்குக் கடைசி நம்பர். ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். ஒருத்தி பாதியில் ஏழாம் அதிகாரத்துக்குப் போய்விட்டாள். ஒருத்தி மைக்கைப் பார்த்ததும் அழுதாள். ஓமன ஏறினாள். எக்ஸ்பிரஸ் ரயில் திருவல்லா ஸ்டேஷனில் நிற்காமல் போகிற மாதிரி தடதடவென்று போனாள். தர்மம், ஜெபம், நடுவில் கர்த்தர் கற்றுக்கொடுத்த பிரார்த்தனை, உபவாசம், எல்லா ஸ்டேஷனும் ஒரே வேகம். சிவப்புப் பேனா ஒரு தடவைதான் அசைந்தது. சேட்டத்தி தலையை ஆட்டினார். தலை ஆட்டினார்!

"எட்டாம் நம்பர், ராகேல் புன்னூஸ்."

ஏறினேன். புடவைத் தலைப்பை விதிப்படி நெற்றிக்கு மேலே நிறுத்தினேன். சபையைப் பார்க்கவேண்டும் என்றார்கள், நான் சபையைப் பார்க்கவில்லை. சிவப்புப் பேனாவைப் பார்த்தேன். ஆரம்பித்தேன்.

தர்மம் பண்ணும்போது முன்னால் தாரை ஊதாதே என்கிற பகுதி போயிற்று. பேனா அசையவில்லை. வலது கை செய்வது இடது கைக்குத் தெரியவேண்டாம் என்கிற இடம் போயிற்று. பேனா அசையவில்லை. என் ரகரமெல்லாம் உருண்டு மணியாக விழுந்தது. கடைசி வரிசையில் இவர் கையைக் கட்டிக்கொண்டு, எனக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது கூடத் தெரிந்தது. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அப்போது, மனுஷர் பார்க்கட்டும் என்று தெருமுனையில் நின்று ஜெபம் பண்ணுகிற மாயக்காரரின் இடம் வந்தது.

வாய் சொல்லிக்கொண்டு போனது. ஆனால் என் கண்ணுக்குத் தெருமுனை தெரியவில்லை. என் அடுக்களை ஜன்னல் தெரிந்தது. அதன் கொக்கி தெரிந்தது. கொக்கியை எடுக்கிற கை தெரிந்தது. அந்தக் கையில் என் வளையல் கிடந்தது.

வாய் நிற்கவில்லை, பழகின பசு மாதிரி அடுத்த வரிக்கும் போய்விட்டது. அவர்கள் தங்கள் கூலியை ஏற்கெனவே வாங்கிக்கொண்டாயிற்று என்கிற வரி.

வாங்கிக்கொண்டாயிற்றா? எங்கே வாங்கினேன்? ஆறே முக்கால் மணி, திறந்த ஜன்னல், தொண்டை கிழிந்த பாட்டு, முப்பத்தொரு வருஷம்! மாயக்காரிக்குச் சேரவேண்டிய கூலிகூட எனக்கு ஒழுங்காக வந்து சேரவில்லையே! வந்ததெல்லாம் மூட்டை மூட்டையாகக் குழப்பமில்ல!

சிரிப்பு வந்துவிட்டது. சின்னச் சிரிப்பு இல்லை. மைக்கில், நூறு பேருக்கு முன்னால், மூக்கால் ஒரு சத்தத்தோடு. அடக்கப் பார்த்தேன், இன்னும் பெரிதாக வந்தது. சிரிப்பு நின்றபோது, அடுத்த வார்த்தை காணோம். நாற்பது நாள் உருட்டின வார்த்தை, துடைத்துவிட்டாற்போல் போயே போய்விட்டது.

பின்னால் எண்ணெய் கொதிப்பது மட்டும் கேட்டது.

லிஜோ அச்சன் என் பக்கம் சாய்ந்து, தன் ஒரே வார்த்தையை எடுத்துக் கொடுத்தார். "அறை" என்றார்.

நான் முழித்தேன்.

"அறை! அறை!"

யாரை அறையச் சொல்கிறார் இந்தப் பிள்ளை? யாரை அறையவேண்டும் என்பதில் எனக்கு முப்பத்தொரு வருஷமாகத் தெளிவு உண்டு, அவர் எதிரே மேசை போட்டுத்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் சர்ச் ஹாலில் வைத்தா? பிறகுதான் விளங்கியது. நீ ஜெபிக்கும்போது உன் அறைக்குள் போ, கதவைச் சாத்து, அங்கே உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறவரிடம் பேசு. அந்த அறை.

என் சாமான் அறை. நாற்பது நாள் அதற்குள் போய்க் கதவைச் சாத்தியிருக்கிறேன். அவர் அங்கேதான் இருந்திருக்கிறார், தேங்காய்க்கும் புளிப் பரணிக்கும் நடுவில், நான் எப்போது பேசுவேன் என்று. நான் ஒரு வார்த்தை பேசவில்லையே! அவர் முன்னாலேயே நின்று சேட்டத்திக்காக ரகரம் உருட்டிக்கொண்டிருந்தேன்.

வெட்கமாக இருந்தது. பிடுங்கித் தின்கிற வெட்கம். மேடையில் கதவு ஏதாவது உண்டா என்று நிஜமாகவே திரும்பிப் பார்த்தேன், இல்லை. அதனால் கையில் இருந்ததைச் செய்தேன். புடவைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். கண்ணையும் மூடினேன். இரண்டு விதி போயிற்று. போகட்டும்.

உள்ளே இருட்டாக இருந்தது. காலையில் குடித்த கட்டன் காப்பி வாசனை. அங்கே சேட்டத்தி இல்லை, ஓமன இல்லை, பேனா இல்லை. நானும் அவரும். அவருக்கு நான் மலையிலிருந்து வந்தவள் என்பது தெரியும், என் அப்பன் பெயர் தெரியும், ஓமனவின் அச்சு முறுக்குக்காக நான் அழுதது தெரியும். எல்லாம் தெரிந்துகொண்டே அவர் என்னை ஒரு தடவைகூடக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்ததில்லை. பிறந்த அன்றைக்கே என்னைத் தன்னுடையவள் என்று சொல்லிவிட்டவரிடம், ஐம்பத்துநாலு வயசில் போய் நான் என்ன மார்க் கேட்பது! அழுதேன். அழுதுகொண்டே, "எங்கள் பிதாவே" என்று கூப்பிட்டேன். வசனத்தில் இன்னும் கொஞ்சம் தள்ளி வருவதும் அதுதான், ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், நான் வசனம் சொல்லவில்லை. கூப்பிட்டேன்.

அப்போது நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது.

எங்கள் ஆட்களுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். தலையை மூடிக்கொண்டு ஒருத்தர் அந்தப் பிரார்த்தனையை ஆரம்பித்தால், தூக்கத்தில் இருந்தாலும் எழுந்து நின்று கூடச் சொல்வார்கள். நூறு பேரும் எழுந்துவிட்டார்கள். பழம்பொரிக்காரர்கள் கரண்டியோடு எழுந்து நின்றார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். மொத்த ஹாலும் என்னோடு சேர்ந்து சொல்லியது. மேடைக்கு நேர் கீழேயிருந்து ஒரு குரல் தனியாகக் கேட்டது. கரகரவென்று, இழுத்து இழுத்து, நடுவில் உடைந்து, மறுபடி பிடித்துக்கொண்டு வந்தது. முப்பத்தொரு வருஷத்தில் நான் கேட்டதே இல்லை அந்தக் குரலை. பார்க்காமலே தெரிந்துவிட்டது.

ஆமென் சொன்னோம். ஆமென் கேட்டதும் லிஜோ அச்சனின் கை தானாக மேலே போய்விட்டது. ஆசீர்வாதமும் கொடுத்துவிட்டார். ஆசீர்வாதம் கொடுத்தால் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம். பின்கதவைத் திறந்தார்கள், பழம்பொரித் தட்டுகள் வந்தன, ஆண்கள் சாயா வரிசைக்குப் போய்விட்டார்கள். நான் தலைப்பை விலக்கிப் பார்த்தபோது, மேடையில் தனியாக, பாதி அதிகாரத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

"ஐயோ, போட்டி!" என்று அச்சன் தலையில் கைவைத்தார். மணியை எடுத்து அடித்தார். யார் கேட்கிறார்கள்? வாயில் பழம்பொரி.

ஓமன மட்டும் நேராக மேசைக்கு வந்துவிட்டாள். "இது அநியாயம் அச்சா! நாங்க ஏழு பேரும் அதே பிரார்த்தனையைத்தானே சொன்னோம், அப்ப ஒருத்தராவது எந்திரிச்சாங்களா?"

அச்சன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு ஓமனவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு பழம்பொரியை எடுத்து அந்த வாயில் வைத்துக்கொண்டார். சின்ன வயசானாலும் விவரமுள்ள பிள்ளை.

கண்ணை மூடியது, முகத்தை மறைத்தது, ஒரு தடவைக்குப் பதில் அதே வார்த்தையை மூன்று தடவை வாங்கியது, நூறு பேர் கூடச் சொன்னது. என் பெயர் நீக்கப்பட்டது. ஓமனவுக்கு ஹாட்பாக்ஸ். நான் கைதட்டினேன். சும்மாவாவது தட்டிவைப்போம் என்றுதான் ஆரம்பித்தேன், தட்டும்போது பார்த்தால் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. எனக்கே பயமாகிவிட்டது.

சேட்டத்தியின் மேசையில் மதிப்பெண் தாள் கிடந்தது. மற்ற நாளாயிருந்தால் கழுத்து சுளுக்கினாலும் எட்டிப் பார்த்திருப்பேன். அன்றைக்கு அதன் மேல் ஒரு சாயா கிளாஸை வைத்துவிட்டு, "குடிங்க சேட்டத்தி, ஆறிடும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சேட்டத்தி மேசைக்கு அடியில் குனிந்து சிவப்புப் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது இவர் பின்னால் வந்தவர்களை முன்னே போகவிட்டார். பிறகு, "எதுக்குடி சிரிச்ச?" என்று கேட்டார்.

"அதுல என்ன சொல்லியிருக்குன்னு பார்த்தேன் அச்சாயா."

"நாற்பது நாள் கழிச்சா!" என்று அவர் சிரித்த சிரிப்பில் வழியில் போன ஆட்டோ நின்று பார்த்துவிட்டுப் போனது.

அன்றைக்கு ஆறே முக்காலுக்கு அடுக்களை ஜன்னலைச் சாத்தினேன். "என்ன, கொசுவா?" என்றார் இவர். "ஆமா, பெரிய கொசு" என்றேன். இரண்டு பேருமாக மெதுவாக ஜெபித்தோம். முட்டுவலிக்கும் ஜெபித்தேன். சத்தம் கூட்டாமல் ஜெபிக்கும்போதுதான் அந்த முட்டு எப்படி வலிக்கும் என்று தோன்றியது, முதல்முறையாக.

மறுநாள் மதிலோரம் சேட்டத்தி. "நேத்து உங்க வீட்ல ஜெபம் இல்லியா? சத்தமே கேக்கல."

"இருந்துது சேட்டத்தி."

"ம்" என்றார். மூடிக் கிடந்த அடுக்களை ஜன்னலை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

வியாதி அதோடு தீர்ந்தது என்று சொன்னால் அது பொய். அடுத்தடுத்த நாள்களில் எத்தனையோ தடவை கை அந்தக் கொக்கிக்குப் போயிருக்கிறது. அப்போதெல்லாம் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, "இதோ மறுபடியும் வந்துட்டேன், என்னைப் பிடிச்சுக்கோங்க" என்பேன். புளி எடுக்கத்தான் போகிறேன் என்று இவர் நினைத்துக்கொள்வார்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஏதோ பாத்திரம் திருப்பிக் கொடுக்கச் சேட்டத்தி வந்தார். இவர் விடாமல் உட்காரவைத்துக் கிழங்கும் மீன் கறியும் பரிமாறினார். நான் பின்பக்கத்தில் இருந்தேன். பூனை ஒரு மீன் தலையைக் கவ்விக்கொண்டு பலாமரத்தில் ஏறிவிட்டது, கீழே கோழிகளெல்லாம் கூடி அதைத் திட்டிக்கொண்டிருந்தன, நானும் கோழிகளோடு சேர்ந்து திட்டிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது சேட்டத்தி கைகழுவிவிட்டுக் கிளம்பிப் போயிருந்தார். இவர் மட்டும் பேய் அடித்தவர் போல் உட்கார்ந்திருந்தார்.

"கேட்டியாடி?"

"எதை?"

"சேட்டத்தி கொள்ளாம்னு சொன்னாங்க."

கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தேன். "எப்போ?"

"இப்பத்தான். நீ பூனைகூடச் சண்டை போட்டுக்கிட்டு இருந்தப்ப."

"எது கொள்ளாமாம்?"

"அதான் தெரியல. தட்டைப் பார்த்துச் சொன்னாங்களா, ஜன்னல் துணியைப் பார்த்துச் சொன்னாங்களான்னு நான் கவனிக்கல. என்னைக்கூடச் சொல்லியிருக்கலாம்."

முப்பத்தொரு வருஷம் காத்திருந்த வார்த்தை, வீட்டுக்குள்ளேயே வந்து, பூனையால் போயிற்று! ஈரக்கையோடு முன்வாசலுக்கு ஓடினேன். ஓடவில்லை என்று சொல்லமாட்டேன். சேட்டத்தி மதிலோரமாக ஒரு கையில் குடையும் ஒரு கை மதிலிலுமாக, முட்டுக்காலைப் பார்த்துப் பார்த்து ஊன்றிப் போய்க்கொண்டிருந்தார்.

"சேட்டத்தி!"

திரும்பினார். "என்னடி?"

'எது கொள்ளாம்னு சொன்னீங்க' என்கிற கேள்வி நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அந்த வெயிலில் அவர் நின்றதைப் பார்த்தேன். எழுபது வயசு. ஊருக்கே மார்க் போட்டவர். அவருக்கு யாராவது போட்டிருப்பார்களா? அவர் வீட்டுக்காரர் ஈப்பன் சேட்டன் கல்யாணத்தன்று நாலு வார்த்தை பேசியதோடு சரி, அதற்கப்புறம் பேப்பரில் இருந்து தலையை எடுத்ததில்லை. நான்? நான் பயந்திருக்கிறேன், ஏங்கியிருக்கிறேன், முதுகுக்குப் பின்னால் வைதிருக்கிறேன். ஒரு நல்ல வார்த்தை சொன்னதாக ஞாபகமில்லை.

"ஒண்ணுமில்ல சேட்டத்தி. அன்னிக்கு ஹால்ல உங்க குரல் கேட்டேன். நீங்க கூடச் சேர்ந்து ஜெபிச்சது."

முகம் இறுகியது. "அதுக்கு?"

"கொள்ளாம்."

சேட்டத்தி அசையவில்லை. ளகரம் தேய்ந்துவிட்டதோ என்று ஒரு நொடி எனக்குப் பயம் வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றினார். புடவைத் தலைப்பால் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு குடையை மடக்கிவிட்டு, அந்த முட்டோடு நாலடி திரும்பி நடந்து என் முன்னால் வந்து நின்றார்.

"ராகேலே, எனக்கு இப்பல்லாம் இந்தக் காது சரியா கேக்கறதில்ல" என்றார். "இன்னொரு தடவை சொல்லு."